ஆமாம் தின்னும் முணுக்கன்

முன்னொரு காலத்தில், பூதங்களும் மனுஷரும் இன்னும் பேச்சுவார்த்தையில் இருந்த காலத்தில், குமிழிநாடு என்று ஒரு நாடு இருந்தது. நாட்டுக்கு மேற்கே ஒரு மலை. மலைமேல் ஒரு ஏரி. ஏரிக்கு ஒரே ஒரு மதகு. அந்த மதகு வழியாக இறங்கி வருகிற தண்ணீர்தான் ஆறு. அந்த ஆறுதான் நெல், அந்த ஆறுதான் குடிதண்ணீர், அந்த ஆறுதான் சாயங்காலம் குளிக்கிற பிள்ளைகளின் கூச்சல்.

மதகுக்கு ஒரு பூதம் காவல். நல்ல பூதம்தான். ஆனால் பசி வந்துவிட்டால் யாருக்குத்தான் நல்ல குணம் நிற்கும்? பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அதன் தூக்கம் கலையும். கலைந்ததும் நேராகப் போய் மதகின் மேல் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் ஒரு சொட்டுத் தண்ணீர் கீழே இறங்காது.

"புளியோதரை கொண்டா!" என்று ஒரு சத்தம் போடும். கீழே ஊரில் தொட்டிலில் கிடக்கும் பிள்ளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் விழித்துக்கொள்ளும்.

புளியோதரை கொடுப்பதற்கு முறை இருக்கிறது. மூன்று நாள் பூதம் பொறுக்கும். நாளுக்கு ஒரு பானை, பானைக்கு ஒரு ஆள். ஏரிக்கரையில், அதன் கண்முன்னால் சமைக்க வேண்டும். சமைக்கிறவர் வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொள்ள வேண்டும். பேசக்கூடாது, ருசி பார்க்கவும் கூடாது. முதல் ருசி பூதத்துக்கு. யாராவது நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டால் அது எச்சில், பூதம் தொடாது.

உப்பு சரியாக இருந்தால் பூதம் எழுந்துவிடும், ஆறு ஓடும். மூன்று பானையும் தப்பிப் போனால், மதகின் மேலேயே காலை நீட்டிப் படுத்துப் பன்னிரண்டு வருஷம் தூங்கிவிடும். அப்புறம் குமிழிநாட்டில் யார் இருப்பார்கள்? காக்காய் இருக்குமோ என்னவோ.

பூதம் பனைமரம் உயரம். ஆனால் இந்தக் கதையில் அதைவிடப் பெரிய தொல்லை கொடுத்தவன் கடுகு அளவுதான் இருந்தான். அவன் பெயர் முணுக்கன்.

முணுக்கனுக்கு வீடு மனுஷர் காது. எப்படி உள்ளே போவான் தெரியுமா? யாராவது மனசு நொந்து மல்லாந்து படுத்து அழுதால், கண்ணீர் கன்னத்தில் இறங்காது, ஓரமாக வழிந்து காதுக்குள் போகும் இல்லையா? அந்தக் கண்ணீரில் சறுக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவான். போனதும் அந்த ஆளின் குரலையே திருடி வைத்துக்கொள்வான். அதே குரலில் உள்ளேயிருந்து பேசுவான். கேட்கிறவருக்கு அது தன் நினைப்பு என்றுதான் தோன்றும்.

முணுக்கனுக்குச் சாப்பாடு சோறில்லை, கூழில்லை. "ஆமாம்" என்ற சொல். அவன் "உனக்கு வராது" என்பான். அந்த ஆள் "ஆமாம்" என்று முணுமுணுப்பார். லபக்! விழுங்கிவிடுவான். மனசுக்குள் நினைக்கிற ஆமாம் அவனுக்குச் செரிக்காது. வாய்விட்டுச் சொன்னால்தான் ருசி.

மருதாயியின் காதுக்குள் அவன் குடியேறி எட்டு வருஷம் ஆகிறது.

மருதாயி குமிழிநாட்டு அரண்மனை மடைப்பள்ளியில் பாத்திரம் தேய்க்கிறவள். கல்யாணமாகி வந்த புதிதில், புருஷன் வீட்டு விருந்துக்கு அவள்தான் சாம்பார் வைத்தாள். பதினாறு வயசு. புது வீடு. நாற்பது ஜோடிக் கண்கள். பதற்றத்தில் உப்பை ஒருமுறை போட்டு, போட்டதை மறந்து இன்னொரு முறையும் போட்டுவிட்டாள். பந்தியில் ஒரு பெரியவர், "தங்கச்சி, கடலையே தூக்கி வந்துட்டியா?" என்று கேட்டார். பந்தி முழுக்கச் சிரித்தது. அவர் சொன்னதை அவரே மறுநாள் மறந்திருப்பார். மருதாயி அன்றைக்கு மல்லாந்து படுத்து அழுதாள். கதவு திறந்தது, முணுக்கன் உள்ளே வந்துவிட்டான்.

அன்றிலிருந்து, கோலப்பொடியைத் தொட்டால் காதுக்குள் ஒரு குரல்: "கோணலாப் போகும். உனக்கு வராது."

"ஆமாம், எனக்கு வராது." லபக்!

பாட்டுப் பாட வாயெடுத்தால்: "சுருதி சேராது. உனக்கு வராது."

"ஆமாம், எனக்கு வராது." லபக்!

மடைப்பள்ளியில் யாராவது, "ஏ மருதாயி, அந்தக் குழம்பை ஒரு கிண்டு கிண்டேன்" என்று கரண்டியை நீட்டினால்: "நீ தொட்டா விளங்குமா? உனக்கு வராது."

"ஆமாம், எனக்கு வராது." லபக்! லபக்!

முணுக்கன் கொழுத்தான். மருதாயி பாத்திரம் தேய்த்தாள்.

வீட்டில் மட்டும் சமைத்துத்தானே ஆகவேண்டும்? புருஷனின் தங்கை பொன்னுருவி அவளோடுதான் இருந்தாள். வாயாடி. ஒவ்வொரு நாளும் அடுப்படியில் இதே பேச்சு நடக்கும்.

"ஏட்டி பொன்னுருவி, உப்புப் பாரு."

"சரியா இருக்கு மதினி."

"என் மனசு நோகக்கூடாதுன்னு சொல்றே."

"ஆமா, உங்க மனசு நோகக்கூடாதுன்னுதான் மூணு தட்டுச் சோறு திங்கிறேன்! என் வயித்தைப் பாருங்க, எவ்வளவு இரக்கம் சேர்ந்திருக்குன்னு."

மருதாயி சிரிப்பாள். ஆனால் நம்பமாட்டாள்.

இப்படி இருக்கையில்தான் அந்த வருஷம் வந்தது. பூதம் எழுந்தது. மதகில் உட்கார்ந்தது. "புளியோதரை கொண்டா!" என்றது.

முதல் நாள், அரண்மனைத் தலைமைச் சமையல்காரர் குழைக்காதர் போனார். மீசையை முறுக்கிக்கொண்டு போனார். "நாற்பது வருஷம் கரண்டி பிடிச்ச கை இது. பூதம் தட்டையும் சேர்த்துத் தின்னப் போகுது பாருங்க" என்றார். வாயைக் கட்டிக்கொண்டார், அடுப்பை மூட்டினார், மணக்க மணக்கக் கிண்டினார். எல்லாம் சரி. நாற்பது வருஷப் பழக்கம் ஒன்று இருக்கிறதே, அது விடுமா? கரண்டியை வழித்த விரல் தானாகத் துணிக்குள் நுழைந்து, நாக்கைத் தொட்டுவிட்டு வெளியே வந்தது. பாவம், அவருக்கே தெரியவில்லை.

"எச்சில்!" என்றது பூதம். ஒரு ஊது ஊதியது. குழைக்காதர் நின்ற இடத்தில் ஒரு அம்மிக்கல் கிடந்தது.

இரண்டாம் நாள், மற்ற சமையல்காரர்களுக்கெல்லாம் ஒரே நேரத்தில் வயிற்றுவலி வந்துவிட்டது. ராணியே எழுந்தாள். "நாட்டுக்குத் தண்ணி வேணும்னா நாட்டோட ராணி அடுப்பு மூட்டக் கூடாதா?" என்றாள். தைரியசாலி. ராஜா சும்மா இருந்திருந்தால் அன்றைக்கே காரியம் முடிந்திருக்கும். அவர் பக்கத்தில் நின்றுகொண்டு, "தீயைக் குறை... ஐயோ, தீயைக் கூட்டு... அது என்ன, மஞ்சளா?" என்று ஒரு நொடி ஓயவில்லை. வாய் கட்டிய ராணியால் "சும்மா இரும்" என்று சொல்ல முடியுமா? அந்த எரிச்சலில் உப்பை மறந்தே போனாள்.

"சப்!" என்றது பூதம். ஒரு ஊது. ராணி நின்ற இடத்தில் ஒரு உரல்.

"அம்மி ஆச்சு. உரல் ஆச்சு" என்று பூதம் வயிற்றைத் தடவிக்கொண்டது. "நாளைக்கு ஒரு ஆட்டுக்கல் கிடைச்சா என் குகைக்குச் சாமான் நிறைஞ்சு போகும்."

மூன்றாம் நாள் விடிந்தது. ஊரில் மாட்டுவண்டிகள் நிரம்ப ஆரம்பித்தன. பாய், தலையணை, கோழிக்கூடு, கட்டில் கால் எல்லாம் வண்டியில் ஏறின. மருதாயியின் புருஷன் ஏற்கெனவே ஆடுகளை ஓட்டிக்கொண்டு தண்ணீர் தேடி அடுத்த நாட்டுக்குப் போய்விட்டான். ராஜா சபையைக் கூட்டினார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"சமைக்க யார் வர்றீங்க?"

முன்வரிசை மெதுவாக நகர்ந்து பின்வரிசை ஆயிற்று.

"யாராவது வாங்கப்பா."

சமையல்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

மூன்றாவது தடவை அவர் கேட்கும் முன்னால், கூட்டத்தில் ஒரு கை உயர்ந்தது. பொன்னுருவியின் கை. ஆனால் அவள் கை காட்டியது தன்னையல்ல, பக்கத்தில் நின்றவளை.

"எங்க மதினி சமைப்பா."

மருதாயியின் காதுக்குள் முணுக்கன் துள்ளினான். "நீயா? ஊரே சிரிக்கும். உனக்கு வராது!"

"ஆமாம், எனக்கு வராது!" என்று மருதாயி உரக்கவே சொல்லிவிட்டாள். லபக்! அவ்வளவு பெரிய ஆமாம் முணுக்கனுக்கு எட்டு வருஷத்தில் கிடைத்ததில்லை. ஏப்பம் விட்டான்.

"மகாராஜா, நம்பாதீங்க. எட்டு வருஷமா வீட்டுல உப்புப் பார்க்கிறவ நான்" என்றாள் பொன்னுருவி. "பார்க்கிறது மட்டும்தான் என் சோலி. ஒருநாள்கூட நான் ஒரு கல் உப்பு எடுத்துப் போட்டதில்ல. போடவேண்டி வந்ததில்ல."

"அது நீ என்மேல உள்ள பாசத்துல..."

"சரி மதினி, உங்களுக்கு வராதுன்னா விடுங்க. நான் போறேன்."

"நீயா? நீ வச்சா வெந்நீரே அடிப்பிடிக்குமேட்டி!"

"தெரியும். ஆட்டுக்கல்தான் ஆவேன். ஆனாப் பன்னெண்டு வருஷம் தண்ணியில்லாம வண்டியில அலையறதுக்கு, பூதம் வீட்டுல நிழலா உக்காந்திருக்கலாம்." சொல்லிவிட்டு, ராஜா பக்கத்தில் இருந்த வெள்ளைத் துணியை எடுத்து வாயைக் கட்டிக்கொள்ளப் போனாள். விளையாட்டாகச் சொல்கிறாளா, நிஜமாகச் சொல்கிறாளா என்று மருதாயி அவள் முகத்தைப் பார்த்தாள். கண்ணில் சிரிப்பில்லை. நிஜம்தான்.

மருதாயி துணியைப் பிடுங்கினாள். "கொண்டா இங்கே" என்றாள். அவ்வளவுதான். வேறொன்றும் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் போயிருக்க மாட்டாள்.

ஏரிக்கரை. பூதம் மதகின் மேல் உட்கார்ந்து, குனிந்து பார்த்தது.

"யாரம்மா நீ? சமையல்காரியா?"

"பாத்திரம் தேய்க்கிறவங்க சாமி."

"நல்லதாப் போச்சு. ஆட்டுக்கல்லானதும் உன்னை நீயே கழுவிக்கலாம்" என்று சொல்லிக் குலுங்கிச் சிரித்தது. ஏரியில் அலை அடித்தது.

ஓரத்தில் அம்மி கிடந்தது. ராஜா உரலைக் கட்டிப்பிடித்து அழுது, கால் வலித்து, கடைசியில் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார். ஊர் முழுக்கத் தூரத்தில் நின்றது. மருதாயி துணியை எடுத்து வாயை இறுக்கிக் கட்டினாள். அடுப்பை மூட்டினாள். உலை வைத்தாள். அரண்மனைக் களஞ்சியத்துப் பழைய அரிசியைக் களைந்து போட்டாள்.

முணுக்கன் ஆரம்பித்தான். "சோறு குழையப் போகுது. உனக்கு வராது."

மருதாயிக்குப் பழக்கம் அல்லவா? ஆமாம் என்று சொல்ல வாய் எழுந்தது. துணியில் முட்டி அங்கேயே நின்றுவிட்டது. முணுக்கன் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தான். ஒன்றும் வரவில்லை. இதற்குள் சோறு வெந்தது. வடித்து வாழையிலையில் கொட்டி ஆறவிட்டாள். பொலபொலவென்று உதிர்ந்தது.

வாணலியில் நல்லெண்ணெய் ஊற்றினாள். கடுகு வெடித்தது, மிளகாய் கறுத்தது, கடலைப்பருப்பு சிவந்தது. கரைத்த புளியை ஊற்றினாள். சர்ரென்று ஆவி எழுந்தது.

"புளி கூடிப்போச்சு. உனக்கு வராது" என்றான் முணுக்கன், கொஞ்சம் அவசரமாக.

மறுபடி அந்த ஆமாம் துணியில் முட்டி நின்றது. முணுக்கனுக்கு வயிறு கிள்ளியது. எட்டு வருஷத்தில் அவன் இரண்டு வேளை பட்டினி கிடந்ததே இல்லை.

மருதாயி உப்புச் சட்டிக்குள் கைவிட்டாள். ஒரு கைப்பிடி அள்ளிப் புளிக்குள் போட்டாள். கிண்டினாள்.

இப்போது முணுக்கன் கடைசி வித்தையை எடுத்தான். மெதுவாக, அக்கறையாக, அவள் குரலிலேயே கேட்டான்: "உப்புப் போட்டோமா?"

கிண்டிய கை நின்றது.

"போடலையே. போடணும்னு நினைச்சோம், போடலை. நல்லா யோசிச்சுப் பாரு."

மருதாயி யோசித்தாள். யோசிக்க யோசிக்க, போட்டதும் போடாததும் ஒன்றாகக் குழம்பியது. ருசி பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும்; பார்க்கக்கூடாது. பொன்னுருவியைக் கூப்பிட்டுக் கேட்கலாம், கூப்பிட வாயில்லை. அவள் கை மெதுவாக உப்புச் சட்டிக்குள் போயிற்று. ஒரு பிடி அள்ளியது. வாணலிக்கு மேலே வந்தது.

அப்போதுதான் அவள் கவனித்தாள். அள்ளியது வலது கை. அந்தக் கை புளி கரைத்த ஈரத்தோடு இருந்த கை. புறங்கையில், விரலிடுக்கில், வளையலின் ஓரத்தில், ஏற்கெனவே உப்புத் துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருந்தன. புளியில் கரைந்து, பழுப்பாகி, பாதி உலர்ந்திருந்தன. இப்போது அள்ளிய உப்போ வெள்ளை வெளேரென்று இருந்தது.

போட்டிருக்கிறோம். ஒருமுறை போட்டாயிற்று.

அள்ளிய உப்பைச் சட்டியிலேயே கொட்டினாள். அப்படியானால் போடவில்லை என்று சொன்னது யார்? என் குரல்தான். ஆனால் பொய் சொல்கிறதே! என் கையைப் பார்த்தால் எனக்கே தெரிகிற ஒன்றில், என்னிடமே நான் எதற்குப் பொய் சொல்லப்போகிறேன்?

பசி முற்றிய முணுக்கனுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. என்ன ஆயிற்று இவளுக்கு என்று பார்க்க வெளியே வந்தான். காதுமடலில் ஏறி, கம்மலைப் பிடித்துத் தொங்கி, தோளில் குதித்தான். மருதாயி திரும்பிப் பார்த்தாள். கடுகு அளவில் ஒரு உருவம். உப்பிய வயிறு. குச்சிக் கை. கோபமான மூஞ்சி.

"ஆமாம் சொல்லு!" என்றது அந்த உருவம், அவளுடைய குரலில்.

மருதாயிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இதுவா? இத்தனை வருஷம் கோலத்தைக் கலைத்ததும், பாட்டை நிறுத்தியதும், கரண்டியைத் தொடவிடாததும் இந்தத் துளியூண்டு பயலா? இவனையா நான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்?

"முறைக்காதே. வாய் கட்டியிருந்தா என்ன? தலையை ஆட்டு. ஒரே ஒரு ஆட்டு. ருசி இல்லாட்டியும் வயித்துக்கு ஆகும். பசிக்குது."

மருதாயி ஆட்டவில்லை.

"நான் போயிட்டா உனக்கு யாரு இருக்கா? உன்னை யாரு கண்டிப்பா? நீ தப்புப் பண்ணாம இருக்கத்தானே நான் இவ்வளவு பாடுபடறேன்?"

மருதாயி புளியைத் திரும்பக் கிண்ட ஆரம்பித்தாள்.

முணுக்கன் கண்ணைச் சுருக்கினான். "சரி. கல்யாண விருந்துல சாம்பார் கரிச்சதே, அது பொய்யா? பந்தியே சிரிச்சதே, அது பொய்யா? சொல்லு!"

அது பொய்யில்லை. மருதாயிக்கு அந்தப் பந்தி அப்படியே கண்முன்னால் வந்தது. இலைகள், சிரிப்பு, தண்ணீர்ச் செம்பைத் தேடிய கைகள். கழுத்து லேசாகத் தணிந்தது. இதோ தலையாட்டப் போகிறாள் என்று முணுக்கன் நாக்கைச் சப்புக்கொட்டினான்.

கரித்தது நிஜம்தான், என்று மருதாயி நினைத்தாள். அன்றைக்கு ஒருநாள் தப்பினேன். மறுநாள் சமைத்தேன். அதற்கு மறுநாள் சமைத்தேன். எட்டு வருஷம், காலையும் மாலையும் சமைத்தேன். பொன்னுருவி மூன்று தட்டுச் சாப்பிட்டாள். நூறு தடவை கேட்டேன், நூறு தடவையும் சரி என்றாள். ஒருநாள் சிரித்த பந்தியை நம்பினேன். தினமும் சாப்பிட்டவளை நம்பவில்லை.

நிமிர்ந்தாள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று பலமாகத் தலையை ஆட்டினாள். இல்லை. இல்லை. இல்லை.

அந்த ஆட்டத்தில் முணுக்கன் தோளிலிருந்து வழுக்கினான். "ஐயோ!" என்று கத்திக்கொண்டே கொதிக்கிற புளிக்குழம்பை நோக்கி விழுந்தான். மருதாயி என்ன செய்தாள் தெரியுமா? சட்டென்று கரண்டியை நீட்டி அவனைத் தாங்கிப் பிடித்தாள். எட்டு வருஷம் வாட்டியவன்தான். ஆனாலும் ஒரு உயிர் வேகுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவளால் ஆகாது. கொண்டுபோய் ஒரு வாழையிலைத் துண்டில் விட்டாள். அந்தக் கரண்டியை ஒதுக்கி வைத்துவிட்டு வேறொன்றை எடுத்துக்கொண்டாள்.

முணுக்கன் நடுங்கிக்கொண்டு, பேச்சு மூச்சில்லாமல் உட்கார்ந்திருந்தான்.

அடடா, எவ்வளவு அமைதி! எட்டு வருஷத்துக்கு அப்புறம் காதுக்குள் ஒரு சத்தமும் இல்லை. விறகு வெடிக்கிறது கேட்டது. தண்ணீர் கரையைத் தொட்டுத் தொட்டுப் போகிறது கேட்டது. புளிக்குழம்பு கெட்டியாகி, எண்ணெய் பிரிந்து, குப் குப் என்று குமிழி விடுகிறது கேட்டது.

இறக்கினாள். சோற்றில் ஊற்றி, பருக்கை உடையாமல் கலந்தாள். கலந்துவிட்டுப் பார்த்தாள். பார்த்ததும் புருவம் சுருங்கியது.

நிறம் வெளுத்திருக்கிறது. அரிசி பழைய அரிசி. புது அரிசியைவிட நிறையப் பொங்கியிருக்கிறது. இவ்வளவு சோற்றுக்கு ஒரு பிடி உப்பு எட்டாது. இன்னும் கொஞ்சம் வேண்டும்.

இதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அவளுக்கே தெரிந்தது.

மீந்த புளிக்குழம்பை வழித்து ஊற்றினாள். உப்புச் சட்டிக்குள் கைவிட்டு, மூன்று விரலால் எடுத்து, உள்ளங்கையில் நல்லெண்ணெயோடு வைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.

தூரத்தில் நின்ற ஊர் "ஐயையோ!" என்றது. "ரெண்டாந்தடவை போடறாளே!" என்று ராஜா உரலைவிட்டு எழுந்தார். இலையில் கிடந்த முணுக்கனுக்குக்கூட வாய் வந்துவிட்டது. "ரெண்டாந்தடவை! அன்னைக்கு மாதிரியே ரெண்டாந்தடவை! வேண்டாம்டி!"

பொன்னுருவி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "மதினி போட்டா சரியாத்தான் இருக்கும். பேசாம இருங்கவேய்" என்றாள், ராஜாவைப் பார்த்தே. பதற்றத்தில் யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை.

மருதாயியின் கை நிற்கவில்லை. தேய்த்த உப்பைச் சோற்றின் மேல் சுற்றித் தூவினாள். கலந்தாள். பெரிய வாழையிலையில் குவித்து, பூதத்தின் முன்னால் வைத்துவிட்டு நகர்ந்து நின்றாள்.

பூதம் ஒரு கவளம் எடுத்தது. கண்ணை மூடிக்கொண்டது.

இரண்டாவது கவளம் எடுத்தது. காது ரெண்டும் லேசாக ஆடின.

மூன்றாவது கவளம் எடுத்தது. மென்றது. மென்றுகொண்டே இருந்தது. ராஜா மறுபடி உரலில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏ பொண்ணே" என்றது பூதம். "இதுல உப்பு..."

மருதாயி நிமிர்ந்து பார்த்தாள்.

"...உப்பு இருக்கிறதே தெரியல. புளியும் தெரியல, காரமும் தெரியல. புளியோதரைதான் தெரியுது." சொல்லிவிட்டு, குனிந்து இலையையே மடித்து வாய்க்குள் போட்டுக்கொண்டது. "துணியை அவுரு. ரெண்டாந்தடவை உப்பெடுத்தியே, தப்பிப் போகும்னு பயமா இல்லையா?"

மருதாயி துணியை அவிழ்த்தாள். "பயமாத்தான் இருந்துச்சு சாமி" என்றாள். "ஆனா எவ்வளவு போடணும்னு தெரிஞ்சுது. போட்டேன்."

பூதம் எழுந்தது. அவ்வளவுதான்! மதகு திறந்தது. இடி இறங்கினது போல ஒரு முழக்கம். தண்ணீர் நுரைத்துப் பாய்ந்து, பாறை பாறையாகத் தாவி, ஊரை நோக்கி ஓடியது. ஏற்றிய வண்டிகளிலிருந்து கோழிகள் கொக்கரித்தன. ஜனங்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரோடு கூடவே ஓடினார்கள்.

பசி தீர்ந்ததும் பூதம் ஊதிய மாயமும் கலைந்தது. அம்மி அசைந்தது. குழைக்காதர் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். உரல் அசைந்தது. மேலே இருந்த ராஜா குப்புற விழுந்தார்.

"யாரது என் தலைமேல உக்காந்தது?" என்று கேட்டாள் ராணி.

"துக்கத்துல உக்காந்துட்டேன் தேவி..."

"துக்கம் இவ்வளவு கனமாவா இருக்கும்?"

எல்லாரும் சிரித்தார்கள். மருதாயியும் சிரித்தாள்.

இலைத்துண்டில் ஒரு விசும்பல் கேட்டது. முணுக்கன் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். வயிறு ஒட்டிப்போயிருந்தது. "எட்டு வருஷமா ஒரே சாப்பாடு. வேற எதுவும் எனக்குத் திங்கத் தெரியாது. இனிமே நான் என்ன ஆவேன்?"

"நீ வேற எதையும் தின்னு பார்த்ததே இல்லையே" என்றாள் மருதாயி. சோறு கலந்த இலையில் ஒட்டிய ஒரே ஒரு பருக்கையை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். "சாப்பிடு."

முணுக்கன் முகர்ந்தான். நக்கினான். கடித்தான். அவன் கண் விரிந்தது. மூன்றாவது கடியில், அவன் திருடி வைத்திருந்த குரல் தொண்டையிலிருந்து நழுவிக் காற்றில் கலந்து போயிற்று. அவன் வாய் திறந்தபோது கீச்சென்று ஒரு புதுக்குரல் வந்தது. அதுதான் அவனுடைய சொந்தக் குரல். "இன்னொரு பருக்கை!" என்றது அந்தக் குரல்.

பூதம் அவனைச் சுண்டுவிரல் நகத்தில் தூக்கிக்கொண்டது. "அம்மியும் போச்சு, உரலும் போச்சு. எனக்குப் பேச்சுத் துணைக்கு இவனாவது இருக்கட்டும்" என்றது. "ஆனா டேய், காதுப் பக்கம் வந்தே, தொலைச்சுப்புடுவேன்." மலையேறிப் போய்விட்டது. குழைக்காதர் மட்டும் முணுக்கன் வந்துவிடுவானோ என்று ரொம்ப நாளைக்குக் காதைப் பொத்திக்கொண்டுதான் படுத்தாராம்.

ராஜா மருதாயியைக் கூப்பிட்டார். "பட்டுச் சேலை வேணுமா? காசுமாலை வேணுமா? வீடு வேணுமா? கேளு தாயி."

பொன்னுருவி பின்னாலிருந்து முதுகில் குத்தினாள். "வீடு, மதினி, வீடு!"

மருதாயி நேராகப் பார்த்துச் சொன்னாள்: "மடைப்பள்ளியில நடு அடுப்பு வேணும் மகாராஜா. எனக்குச் சமைக்கப் பிடிக்கும்."

இப்படி ஒரு வார்த்தையை அவள் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. அவளே கேட்டதில்லை.

நடு அடுப்பு கிடைத்தது. குழைக்காதர் முதல் வாரம் முறைத்தார், இரண்டாம் வாரம் முனகினார், மூன்றாம் வாரம் தட்டை நீட்டினார். "ஏ மருதாயி, அந்தப் பக்குவத்தைக் கொஞ்சம் எனக்கும் சொல்லு" என்றார். புது ஆற்றுத் தண்ணீரில் நாற்று நட்டார்கள். ஆடுகளோடு புருஷன் திரும்பி வந்தான். வீட்டில் கோலம் சில நாள் நேராக விழுந்தது, சில நாள் கோணிப் போயிற்று. கோணிப் போன நாளில் மருதாயி அதன் மேலேயே ஒரு பூ வரைந்துவிட்டு உள்ளே போனாள்.

குமிழிநாட்டு ஆறு இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. மருதாயி கிண்டுகிறாள், ஊர் சாப்பிடுகிறது. கதை கேட்ட நமக்கும் பசிக்கிறது. எழுந்திருங்கள், கை கழுவிவிட்டு இலை போடலாம்.